ஸ்கிராட்ச் குழப்படி செய்தால்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளாக்குகளை எல்லாம் ஒழுங்காகப் பொருத்தியாயிற்று. ஓட்டத்தைத் தொடக்கும் பச்சைக் கொடியை அழுத்தினால் மான் தலைகீழாக நடக்கிறது. தோணி மேடையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போக மறுக்கிறது. ‘திருகோணமலை’ என்ற சொல்லில் பத்து எழுத்து இருப்பதாகக் கணினி சொல்கிறது. பிளாக்குகள் என்ற கட்டளைத் துண்டுகளைப் பொருத்தி விளையாட்டும் அசைபடமும் செய்ய உதவும் ஸ்கிராட்ச் மென்பொருளில் புதிதாக வேலை செய்கிற பிள்ளைகள் பாதியில் விட்டுவிடுவது பெரும்பாலும் இப்படியான இடங்களில்தான். கணக்கு வராததாலோ ஆங்கிலம் தெரியாததாலோ இல்லை. ஏன் இப்படி நடக்கிறது என்று சொல்ல அருகில் ஒருவரும் இல்லாததால், “எனக்கு இது சரிவராது” என்று தங்கள் தலையிலேயே பழியைப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். அது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். ஏனென்றால் பல வேளைகளில் பிழை அவர்களுடையதே இல்லை. மென்பொருளுக்கென்று சில எல்லைகளும் சில குணங்களும் உண்டு. அவை தெரிந்தவருக்கு அந்த இடத்தைத் தாண்டப் பத்து நிமிடம் போதும்.

திருகோணமலை மாவட்டத்தில் பாடசாலைக் கணினிக் கூடத்திலோ வீட்டிலோ ஸ்கிராட்சைத் தொடங்கும் மாணவர், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், பக்கத்தில் இருந்து பார்க்கும் அம்மா அப்பா ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இடைநிலை வகுப்புகளின் ஐசிடி பாடத்தில் ஸ்கிராட்ச் வருவதால் இது பலருக்கும் உதவும். இங்கே சொல்வதெல்லாம் ஸ்கிராட்ச் 3 பற்றியது. அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வுகூடத்தில் உருவான இந்த மென்பொருள் 2007 இல் எல்லோருக்கும் கிடைத்தது. குளோனும் (ஓடும்போதே ஒரு உருவத்திலிருந்து எடுக்கும் பிரதி) சொந்த பிளாக்கும் (நாமே உருவாக்கும் பிளாக்) 2013 இல் வந்த 2.0 பதிப்பில் சேர்ந்தன. இன்று நாம் பாவிக்கிற 3 ஆம் பதிப்பு 2019 ஜனவரியில் வெளியானது. பிளாக்குகளின் பெயர்களைத் திரையில் தெரிகிறபடியே ஆங்கில ஒலிப்பில் எழுதுகிறேன், வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம்.

கணினியைப் பார்த்துத் தொடங்குங்கள்

இணையம் இல்லாமல் இயங்கும் ஸ்கிராட்ச் செயலியை இறக்கி நிறுவிக்கொள்வது நல்லது. அதற்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். விண்டோஸ் 7 உள்ள பழைய கணினியில் அது நிறுவப்படாது, அதற்காக மணிக்கணக்கில் போராட வேண்டாம். மேடை (காட்சி ஓடும் பகுதி) வெறுமையாக இருந்தால், அல்லது வெப்ஜிஎல் (பிரவுசரில் படம் வரையும் நுட்பம்) இல்லை என்று செய்தி வந்தால், கிராபிக்ஸ் பக்கம்தான் குறை. பிரவுசரைப் புதுப்பியுங்கள், அதன் செட்டிங்கில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் நிறுத்தப்பட்டிருந்தால் இயக்குங்கள், கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். அதற்கும் மசியாத மிகப் பழைய கணினியில் ஸ்கிராட்ச் 1.4 ஓடும். அதில் குளோனும் சொந்த பிளாக்கும் கிடையாது. ஆனால் அசைவு, திரும்பச் செய்தல், நிபந்தனை ஆகிய மூன்றையும் படிக்க அது தாராளமாகப் போதும். போனில் பிறருடைய விளையாட்டை ஓட்டிப் பார்க்கலாம். செய்வதற்கு அந்தத் திரை போதாது.

கரண்ட் போவதற்கு முன்

இணையத்தில் கணக்கைத் திறந்து வேலை செய்தால் ஸ்கிராட்ச் தானாகச் சேமித்துக்கொண்டிருக்கும். நிறுவிய செயலியில் அப்படி இல்லை. கரண்ட் போனால் கடைசியாக நீங்கள் சேமித்ததுதான் மிஞ்சும். மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும். ஆகவே ஒரு காரியம் சரியாக ஓடியதும் உடனே சேமியுங்கள். சேமிக்கும்போது ஒரே பெயரின் மேல் எழுதாமல் ‘தோணி1’, ‘தோணி2’, ‘தோணி3’ என்று புதுப் பெயர் கொடுங்கள். நேற்று ஓடிய விளையாட்டு இன்று ஓடாவிட்டால் முந்திய கோப்பைத் திறந்து, இடையில் என்ன மாற்றினோம் என்று ஒப்பிட முடியும். இந்தப் பழக்கம் ஒன்றே பாதிப் பிழைகளைக் கண்டுபிடித்துத் தரும் என்பது என் அனுபவம்.

தவறுதலாக ஒரு ஸ்பிரைட்டை (மேடையில் அசையும் உருவத்தை) அழித்துவிட்டால் எடிட் மெனுவில் ‘ரிஸ்டோர்’ இருக்கிறது. ஆனால் கடைசியாக அழித்த ஒன்றை மட்டும்தான் அது மீட்கும், எனவே வேறு எதையும் தொடுவதற்கு முன் அதை அழுத்துங்கள். பிளாக்குகள் அழிந்திருந்தால் கோடிங் பரப்பின் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்தால் ‘அன்டூ’ வரும். இணையத்தில் ஸ்பிரைட்டையும் பிளாக்குகளையும் எடுத்துவைக்க உதவும் பேக்பேக் என்ற வசதி செயலியில் கிடையாது. ஒரு விளையாட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஸ்பிரைட்டைக் கொண்டுபோக, அதன் படத்தில் ரைட் கிளிக் செய்து ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து, மற்ற விளையாட்டில் ‘அப்லோட் ஸ்பிரைட்’ மூலம் ஏற்றுங்கள்.

பென் டிரைவில் கொண்டுபோன கோப்பு திறக்கவில்லையா? ஸ்கிராட்ச் சேமிக்கும் எஸ்பி3 கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதிதான். ஒரு பிரதி எடுத்து, பிரதியின் பெயரின் வால்பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே ‘புராஜெக்ட்’ என்ற ஜேசன் கோப்பும் படங்களும் ஒலிகளும் தெரிந்தால், நிரல் போய்விட்டாலும் குறைந்தபட்சம் படங்களையும் ஒலிகளையும் காப்பாற்றலாம். ஜிப்பாகவே திறக்காவிட்டால் கோப்பு பாதி எழுதப்பட்ட நிலையில் பென் டிரைவைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிழை எங்கே என்று பிரித்துப் பார்ப்பது

ஏதாவது தவறினால் எல்லாவற்றையும் கலைத்து மறுபடி அடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்த வரிசையில் போங்கள்:

1. இப்போதைய நிலையை வேறு பெயரில் சேமியுங்கள்.
2. கோடிங் பரப்பில் ரைட் கிளிக் செய்து ‘கிளீன் அப் பிளாக்ஸ்’ கொடுங்கள். ஒரு அடுக்கின் பின்னால் இன்னொரு அடுக்கு மறைந்திருப்பது அடிக்கடி நடக்கிறது. ஒரே வேலையை இரண்டு அடுக்குகள் செய்தால் புள்ளிகள் இரட்டிப்பாக ஏறும், ஸ்பிரைட் இரு மடங்கு வேகத்தில் ஓடும்.
3. சந்தேகமான அடுக்கை மட்டும் நேரே கிளிக் செய்து ஓட்டுங்கள். ஓடும் அடுக்கைச் சுற்றி மஞ்சள் ஒளி தெரியும். ஒளி உடனே அணைந்தால் அது எதிர்பார்த்ததற்கு முன்பே முடிந்துவிட்டது என்று பொருள்.
4. ஒரு எண்ணோ நிபந்தனையோ சந்தேகமாக இருந்தால் அந்த பிளாக்கையே கிளிக் செய்யுங்கள். அதன் இப்போதைய மதிப்பு சிறு பெட்டியில் வரும்.
5. இன்னும் தெரியாவிட்டால் புதிய வெற்று விளையாட்டைத் திறந்து, அந்த நாலைந்து பிளாக்குகளை மட்டும் வைத்துப் பாருங்கள். அங்கேயும் அதே கோளாறு என்றால் அது மென்பொருளின் குணமாக இருக்கலாம். அங்கே சரியாக ஓடினால், பழைய விளையாட்டின் வேறு ஏதோ பகுதி குறுக்கே வருகிறது.

ஐந்தாவது படியைப் பலர் சோம்பலில் தவிர்க்கிறார்கள். நேரத்தை உண்மையில் மிச்சப்படுத்துவது அதுதான்.

அசைவில் வரும் தொல்லைகள்

நகரத் தெருக்களில் திரியும் புள்ளிமானை வைத்து ஒரு காட்சி செய்கிறீர்கள் என்று வைப்போம். மான் வலப்பக்கம் நடந்து ஓரத்தில் முட்டித் திரும்ப வேண்டும். ‘இஃப் ஆன் எட்ஜ், பவுன்ஸ்’ போட்டால் மான் திரும்பும், ஆனால் கால் மேலே தலை கீழே. ஸ்பிரைட் இயல்பில் முழு வட்டமாகச் சுழல்வதால் இப்படி. ‘செட் ரொட்டேஷன் ஸ்டைல் லெஃப்ட்-ரைட்’ என்ற பிளாக்கைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். அதன் பிறகும் திரும்பும் ஒவ்வொரு தடவையும் மான் ஒரு குதி குதித்தால், காஸ்டியூமின் (ஸ்பிரைட் அணியும் படத்தின்) நடுப்புள்ளி மானின் நடுவில் இல்லை. காஸ்டியூம் பகுதிக்குப் போய் முழுப் படத்தையும் தெரிவு செய்து, நடுவில் உள்ள சிறு குறியின் மேல் வயிறு வரும்படி நகர்த்துங்கள். நடக்கும் காஸ்டியூம்கள் எல்லாவற்றுக்கும் இதைச் செய்ய வேண்டும். ஒன்றை விட்டாலும் நடை நொண்டும்.

அம்புக்குறி விசையை அழுத்திப் பிடித்தால் முதலில் ஒரு அடி, பிறகு சிறு தயக்கம், அதன் பிறகே ஓட்டம் என்று வருகிறதா? ‘வென் கீ பிரெஸ்ட்’ பிளாக் விசைப்பலகையின் திரும்பத் தட்டும் வேகத்தை நம்பி ஓடுவதால் வரும் தயக்கம் அது. அதைக் கழற்றிவிட்டு, பச்சைக் கொடியின் கீழ் ‘ஃபாரெவர்’ போட்டு, உள்ளே ‘இஃப் கீ பிரெஸ்ட்’ என்று கேளுங்கள். ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு பேர் ஒரே விசைப்பலகையில் விளையாடும்போது மூன்றாவது விசை வேலை செய்யாவிட்டால் அது பெரும்பாலும் விசைப்பலகையின் குறை, ஸ்கிராட்சின் குறை இல்லை. விசைகளை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்து தோணி. ஸ்கிராட்சின் மேடை 480 அகலம், 360 உயரம். நடுவில் பூச்சியம், இடம் வலமாக (இதுதான் எக்ஸ்) 240 வரை, மேலும் கீழுமாக 180 வரை. உட்துறைமுகத்திலிருந்து ஒரு தோணி வெளிக்கடலுக்குப் போய் மறைய வேண்டும் என்று நீங்கள் நினைத்தாலும், ஸ்கிராட்ச் எந்த ஸ்பிரைட்டையும் முழுதாக மேடைக்கு வெளியே விடாது. ஸ்பிரைட் தொலைந்துபோகக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்த வேலி அது. ‘எக்ஸ் 300 ஐத் தாண்டினால் மறை’ என்று எழுதிவிட்டுக் காத்திருந்தால் சிறிய தோணிக்கு அந்த நேரம் வராமலே போகும். ‘டச்சிங் எட்ஜ்’ அல்லது எக்ஸ் 220 ஐத் தாண்டினால் என்று எழுதி, ‘ஹைட்’ செய்து, தொடக்க இடத்துக்குக் கொண்டுபோய், மறுபடி ‘ஷோ’ செய்யுங்கள்.

அளவிலும் இப்படி ஒரு வேலி உண்டு. படத்தின் அளவைப் பொறுத்து, ஒரு எல்லைக்கு மேல் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகாது. தூரத்தில் போகும் கப்பலை ஒரு புள்ளி அளவுக்குச் சுருக்க முடியாவிட்டால், அந்த ஸ்பிரைட்டுக்கே மேடை அளவில் ஒரு பெரிய காஸ்டியூம் சேர்த்து, அதற்கு மாறி, அளவைக் குறைத்து, உடனே கப்பல் காஸ்டியூமுக்குத் திரும்புங்கள். குறைத்த அளவு அப்படியே நிற்கும்.

இன்னொன்று: ‘ஹைட்’ செய்த ஸ்பிரைட்டை மற்ற ஸ்பிரைட்டுகள் தொட்டதாக உணர மாட்டா. கண்ணுக்குத் தெரியாத பாறையில் தோணி முட்ட வேண்டும் என்றால் பாறையை ‘ஹைட்’ செய்யாமல் ‘கோஸ்ட் எஃபெக்ட்’ 100 கொடுங்கள். தெரியாது, ஆனால் முட்டும். பச்சைக் கொடியை அழுத்தும்போது எஃபெக்ட்கள் எல்லாம் துடைக்கப்படும். அதனால் அந்த பிளாக் கொடியின் கீழ் இருக்க வேண்டும்.

பச்சைக் கொடி எதை மாற்றும், எதை மாற்றாது

முதல் தடவை ஒழுங்காக ஓடி, இரண்டாம் தடவை தாறுமாறாகப் போகும் விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பச்சைக் கொடி புள்ளிகளைப் பூச்சியமாக்காது. ஸ்பிரைட்டின் இடம், அளவு, காஸ்டியூம், மறைந்த நிலை, வேரியபிள் (எண்ணையோ சொல்லையோ வைத்திருக்கும் பெட்டி), பட்டியல் எல்லாம் போன ஆட்டம் விட்ட இடத்திலேயே நிற்கும். ஒவ்வொரு ஸ்பிரைட்டுக்கும் கொடியின் கீழ் முதல் வேலையாக இடம், அளவு, காஸ்டியூம், ‘ஷோ’ அல்லது ‘ஹைட்’ ஆகியவற்றைச் சொல்லிவிடுங்கள்.

இதைச் செய்த பிறகும் சில வேளை புதிர் நீடிக்கும். நேற்று ஓடியது, ஒரு பிளாக்கும் மாற்றவில்லை, இன்று ஓடவில்லை. காரணம் ஓடும் வரிசை. பல ஸ்பிரைட்டுகளில் பச்சைக் கொடி இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்குவதுபோல் தோன்றினாலும், கணினி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தொடக்குகிறது. அந்த வரிசை மேடையில் எந்த ஸ்பிரைட் முன்னால், எது பின்னால் என்ற அடுக்கைப் பொறுத்தது. எடிட்டரில் ஒரு ஸ்பிரைட்டை மவுஸால் இழுத்தால் அது முன்னடுக்குக்கு வந்துவிடும், வரிசையும் மாறிவிடும். தோணியில் போய் மீன் பிடிக்கும் ஒரு விளையாட்டில், மீன் ஸ்பிரைட் ‘உயிர்’ என்ற வேரியபிளைப் பார்ப்பதற்கு முன் தோணி ஸ்பிரைட் அதை 3 ஆக்கியிருக்க வேண்டும் என்று நீங்கள் நம்பியிருந்தால், ஒரே ஒரு இழுப்பில் அந்த நம்பிக்கை உடையும்.

வழி இதுதான். வேரியபிள்களைத் தொடங்கிவைக்கும் வேலையை மேடையின் பச்சைக் கொடிக்கு மட்டும் கொடுங்கள். அது முடிந்ததும் ‘தொடங்கு’ என்று ஒரு செய்தியை ‘பிராட்காஸ்ட்’ செய்யச் சொல்லுங்கள். மற்ற எல்லா ஸ்பிரைட்டுகளும் பச்சைக் கொடிக்குப் பதிலாக அந்தச் செய்திக்குக் காத்திருக்கட்டும். இப்போது வரிசை உங்கள் கையில். கூடவே ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு அடுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே செய்தி மறுபடி வந்தால் அந்த அடுக்கு தொடக்கத்திலிருந்து மறுபடி ஓடும், பாதியில் நின்றது நின்றதுதான். செய்தியை ‘ஃபாரெவர்’ உள்ளே வைத்து அனுப்பிக்கொண்டிருந்தால், பெறுகிற அடுக்கு முதல் ‘வெயிட்’ பிளாக்கைத் தாண்டாமல் தத்தளிக்கும்.

குளோன்கள்

ஒரு விளையாட்டில் ஒரே நேரத்தில் 300 குளோன்கள் வரைதான் இருக்க முடியும். அதற்கு மேல் ‘கிரியேட் குளோன்’ எந்தச் செய்தியும் சொல்லாமல் ஒன்றும் செய்யாது. சிறிது நேரம் மீன்கள் வந்துவிட்டுப் பிறகு வராமல் நின்றால் முதலில் இந்த எல்லையைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிடிபட்ட மீனும் ஓரத்தைத் தொட்ட மீனும் ‘டிலீட் திஸ் குளோன்’ ஆக வேண்டும். மறைத்தால் மட்டும் போதாது, மறைந்த குளோனும் கணக்கில் இருக்கும்.

300 மீன் எப்படி இவ்வளவு விரைவில் சேர்ந்தது? மீன் ஸ்பிரைட்டிலேயே ‘வென் ஐ ரிசீவ்’ போட்டு அதன் கீழ் ‘கிரியேட் குளோன் ஆஃப் மைசெல்ஃப்’ வைத்திருப்பீர்கள். குளோன்களும் அந்தச் செய்தியைக் கேட்கும், அவையும் குளோன் செய்யும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, எட்டாவது செய்தியில் 256 மீன். ஒன்பதாவதில் எல்லை முட்டிவிடும். குளோன் செய்யும் பிளாக்கை மேடைக்கு மாற்றுங்கள், அங்கே ‘மைசெல்ஃப்’ என்பதற்குப் பதிலாக ‘மீன்’ என்று தெரிவு செய்யுங்கள். மேடைக்குக் குளோன் கிடையாது, அதனால் பெருக்கமும் கிடையாது.

ஒவ்வொரு மீனுக்கும் தனி வேகம் வேண்டும் என்றால் வேகம் என்ற வேரியபிளை உருவாக்கும்போது ‘ஃபார் திஸ் ஸ்பிரைட் ஒன்லி’ என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். மற்றதைத் தெரிவு செய்தால் எல்லா மீனும் ஒரே வேகத்தில்தான் நீந்தும்.

சமம் என்று நம்பிய எண்கள்

கன்னியா வெந்நீர் ஊற்றின் ஏழு கிணறுகளிலும் சூடு ஒன்றுபோல் இருக்காது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து ஒரு வெப்பமானி செய்தால் எண் 0.1 ஆக ஏற வேண்டும். இங்கேதான் ஒரு நுட்பமான சிக்கல். வேரியபிளைப் பூச்சியத்தில் தொடங்கி 0.1 ஆகப் பத்துத் தடவை கூட்டி, ‘1 க்குச் சமமா’ என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று பதில் வரும். திரையில் உள்ள வேரியபிள் பெட்டியில் 1 என்றே தெரியும்!

கணினி பின்னங்களை இரும எண்ணில் வைத்திருப்பதால் 0.1 ஐச் சரியாக எழுத முடிவதில்லை. பத்துத் தடவை கூட்டினால் 0.9999999999999999 வருகிறது. பெட்டி அதை முழுமைப்படுத்திக் காட்டுகிறது. உண்மையான எண்ணைப் பார்க்க ‘ஜாயின்’ பிளாக்கில் அந்த வேரியபிளையும் ஒரு சொல்லையும் சேர்த்து ‘சே’ சொல்ல வையுங்கள், எல்லா இலக்கங்களும் வெளியே வரும். தீர்வு எளிது. பத்தில் ஒரு பங்காக எண்ணுங்கள்: 35.0 இலிருந்து 40.0 வரை ஏற்றுவதற்குப் பதிலாக 350 இலிருந்து 400 வரை ஒன்று ஒன்றாக ஏற்றி, காட்டும்போது மட்டும் பத்தால் வகுங்கள்.

‘டைமர்’ 5 க்குச் சமமாகும் வரை காத்திருப்பதும் இதே பொறிதான். டைமர் 4.98 இலிருந்து 5.01 க்குத் தாவிவிடும், ‘5 ஐ விடப் பெரிதா’ என்று கேளுங்கள். அப்புறம், ‘பிக் ரேண்டம்’ 1 இலிருந்து 10 வரை என்றால் முழு எண்தான் வரும். தசம எண் வேண்டும் என்றால் 1.0 என்று எழுதுங்கள்.

தமிழ் எழுத்துகள்

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள். ஆங்கில வழிகாட்டிகள் இதைத் தொடுவதே இல்லை. நம் பிள்ளைகள் தமிழில் சொல் விளையாட்டு செய்ய ஆசைப்படுகிறார்கள், அந்த ஆசை கருகிவிடக் கூடாது.

முதலாவது எழுத்துரு. நம் பக்கத்தில் பல கணினிகளில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துரு இருக்கிறது. பாமினியில் தட்டினால் கண்ணுக்குத் தமிழ், கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. அதை ஸ்கிராட்சில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் வரும். யூனிகோட் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) தமிழ்தான் வேண்டும். விண்டோஸ் 10 இல் மொழி செட்டிங்கில் தமிழைச் சேர்த்தால் விசைப்பலகை வந்துவிடும். பாமினி விசை வரிசையே கைக்குப் பழகிவிட்டது என்றால், அதே வரிசையில் யூனிகோட் தரும் எ-கலப்பை போன்ற இலவசக் கருவிகள் உண்டு.

தமிழ் விசைப்பலகை ஓடும்போது விளையாட்டில் எழுத்து விசைகள் வேலை செய்யாமல் போகும். ‘கீ ஏ பிரெஸ்ட்’ என்று நிரல் கேட்கிறது, விசைப்பலகையோ தமிழ் எழுத்தை அனுப்புகிறது. விளையாடும்போது ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் அம்புக்குறிகளையும் ஸ்பேஸையும் மட்டும் பாவியுங்கள், அவை எந்த மொழியிலும் ஓடும்.

இரண்டாவது, அந்தப் பத்து எழுத்துக் கணக்கு. ‘லெங்த் ஆஃப் திருகோணமலை’ என்று கேட்டால் 10 என்று வரும். நாம் எண்ணினால் தி, ரு, கோ, ண, ம, லை, ஆறுதான். யூனிகோட் ‘தி’ என்பதைத் ‘த’ ஒன்று, அதன் மேல் வரும் விசிறி ஒன்று என இரண்டாக வைத்திருக்கிறது. ஸ்கிராட்ச் அந்தத் துண்டுகளை எண்ணுகிறது. மூதூர் 6 ஆகும், கிண்ணியா 8 ஆகும். ‘லெட்டர் 2 ஆஃப்’ என்று கேட்டால் தனி விசிறியோ கொம்போ ஒரு புள்ளி வட்டத்தோடு வந்து நிற்கும். எழுத்தை ஊகிக்கும் விளையாட்டு இதனால் முழுதாகக் குலைந்துவிடும்.

சொல்லை வெட்டுவதைக் கணினியிடம் விடாமல் நீங்களே வெட்டிக் கொடுங்கள். ‘எழுத்துகள்’ என்று ஒரு பட்டியல் உருவாக்கி, தி, ரு, கோ, ண, ம, லை என்று ஒவ்வொன்றையும் ஒரு வரியாகச் சேருங்கள். இனி நீளம் வேண்டுமென்றால் பட்டியலின் நீளம், மூன்றாம் எழுத்து வேண்டுமென்றால் பட்டியலின் மூன்றாம் வரி. பல சொற்கள் இருந்தால் நோட்பேடில் வரிக்கு ஒரு எழுத்தாகத் தட்டி, சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 தெரிவு செய்யுங்கள். பிறகு மேடையில் தெரியும் பட்டியலில் ரைட் கிளிக் செய்து ‘இம்போர்ட்’ கொடுத்தால் எல்லாம் ஏறிவிடும். என்கோடிங்கைக் கவனிக்காவிட்டால் தமிழ் கேள்விக்குறிகளாக மாறிவிடலாம்.

மூன்றாவது, சரியான பதிலைத் தட்டியும் ‘தவறு’ என்று வருவது. பிள்ளை ‘கோணேஸ்வரம்’ என்று சரியாகவே தட்டுகிறது, திரையிலும் வேறுபாடு தெரியவில்லை. ‘கோ’ என்ற எழுத்தை ஒரே குறியாகவும் தட்டலாம், இரட்டைச் சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஸ்கிராட்சுக்கு வேறு வேறு. சோதிக்க ஒரு வழி: ‘லெங்த் ஆஃப் கோ’ என்று கேளுங்கள். 2 வந்தால் நல்லது, 3 வந்தால் துண்டாகத் தட்டியிருக்கிறது. ‘கௌ’ என்பதற்குப் பதிலாகக் கொம்பு, ககரம், ளகரம் என்று தட்டுவதும் இதே தொல்லையைத் தரும். பதிலின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருந்தாலும் சமம் ஆகாது. இதற்கு இரண்டு தீர்வுகள். ஏற்கத்தக்க வடிவங்கள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் வைத்து, ‘லிஸ்ட் கன்டெய்ன்ஸ்’ என்று கேட்பது ஒன்று. சிறிய வகுப்புகளுக்கு நான் விரும்புவது மற்றது: தட்டவே விடாமல், எழுத்துகளைப் பொத்தான் ஸ்பிரைட்டுகளாகத் திரையில் வைத்து மவுஸால் தெரிவு செய்ய வைப்பது. தட்டச்சுத் தெரியாத பிள்ளையும் விளையாட முடியும்.

காஸ்டியூமில் தமிழ்த் தலைப்பு எழுதினால் அது வேறு கணினியில் வேறு எழுத்துருவில், வேறு அகலத்தில் தெரியலாம். எழுதி முடித்ததும் ‘கன்வெர்ட் டு பிட்மேப்’ கொடுத்துவிட்டால் படமாக உறைந்துவிடும். பிறகு திருத்த முடியாது, ஆகவே கடைசியில் செய்யுங்கள்.

ஒலி

‘ஸ்டார்ட் சவுண்ட்’ பிளாக்கை ‘ஃபாரெவர்’ உள்ளே போட்டால் ஒலி ஒவ்வொரு நொடியிலும் பல தடவை புதிதாகத் தொடங்கி இரைச்சலாகும். அந்த இடத்தில் ‘பிளே சவுண்ட் அன்டில் டன்’ போடுங்கள். எழுத்தை வாசித்துக் காட்டும் ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ நீட்சிக்கு இணையம் கட்டாயம் வேண்டும். இணையமில்லாத கூடத்தில் பிள்ளைகளின் குரலையே பதிவு செய்து சேருங்கள், கேட்கவும் நன்றாக இருக்கும்.

உதவி கேட்கும்போது

இவ்வளவும் பார்த்தும் பிடிபடாத கோளாறு இருந்தால் மற்றவரிடம் கேளுங்கள். “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால் எவராலும் உதவ முடியாது. ஸ்கிராட்ச் செயலியா பிரவுசரா, எந்தப் பதிப்பு, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, ஒவ்வொரு தடவையும் நடக்கிறதா, எப்போதாவதா என்று எழுதுங்கள். கூடவே ஐந்தாவது படியில் செய்த அந்தச் சிறிய விளையாட்டின் கோப்பை அனுப்புங்கள். முழு விளையாட்டையும் அனுப்பினால் பார்ப்பவர் களைத்துவிடுவார். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். வந்து சேர்ந்த கோப்பின் வால் ஜிப் என்று மாறியிருந்தால் எஸ்பி3 என்று திருத்தி, ஸ்கிராட்சைத் திறந்து, ஃபைல் மெனுவில் ‘லோட் ஃப்ரம் யுவர் கம்ப்யூட்டர்’ மூலம் ஏற்றினால் திறக்கும்.